அம்பத்தூர் முகவரி போட்ட புத்தகங்கள்

41-பி, சிட்கோ இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், அம்பத்தூர், சென்னை 98. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் நூல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த முகவரி மறந்திருக்காது. கோவில்பட்டியிலோ பட்டுக்கோட்டையிலோ உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புரட்டிய பிள்ளைக்கு அம்பத்தூர் என்பது புத்தகம் புறப்பட்டு வரும் ஊர். அம்பத்தூர்க்காரர்களான எங்களுக்கு அது வெறும் ‘எஸ்டேட்’. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை, லேத்துப் பட்டறைகள், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும் கூட்டம், அவ்வளவுதான். அந்த இரும்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு கட்டடத்திலிருந்து தமிழ்நாடு முழுக்கப் புத்தகம் போகிறது என்பது எஸ்டேட்டுக்குள் தினம் போய்வந்த பலருக்கே தெரியாது. என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

சம்பள நாளில் அவர் கையில் வரும் பையில் அந்தக் கட்டடத்திலிருந்து வாங்கிய ஒரு சோவியத் புத்தகம் இருக்கும். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பியவை. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். விலை, பட்டறைத் தொழிலாளி யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய சில ரூபாய். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ எங்கள் வீட்டில் அட்டை போகும்வரை புழங்கியது. அப்பாவும் ஒரு காலத்தில் பந்துக்காக அழுதிருப்பார், பொய் சொல்லியிருப்பார் என்ற எண்ணமே எனக்குப் புதிது. அதுவரை நான் படித்த தமிழ்க் கதைகளில் அப்பாக்கள் அறிவுரை சொல்வதற்காகவே வருவார்கள். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்தப் புத்தகங்களும் நின்றன.

இன்று நான் வேறு மாநிலத்தில் இருக்கிறேன். என் மகளின் அலமாரியில் எனக்கு அந்த வயதில் கிடைத்ததைவிட நிறையப் புத்தகங்கள். அதனால் புத்தகத்துக்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் பொய். நான் ஏங்குவது புத்தகத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிய அந்தச் சாயங்காலங்களுக்கு. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பெரியவர் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாமல், நாங்களே போய்ச் சேர்ந்த கூட்டங்களுக்கு.

ஆவடியில் பெரியம்மா வீடு. டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். பேப்பரில்தான் ‘கனரக வாகனத் தொழிற்சாலை’. ஊர்வாயில் எப்போதும் டேங்க் ஃபேக்டரி. பல மாநிலத்துக்காரர்கள் வந்து குடியேறிய இடம் அது. ஒரே வரிசையில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, மலையாள வீடு, இந்தி பேசும் வீடு. கோடை விடுமுறையில் அங்கே போனால் எனக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். அம்புலிமாமா 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்தியது, வடபழனியில் அச்சானது. பிறகு எத்தனையோ மொழிகளுக்குப் போயிற்று. படங்கள் எல்லா மொழிக்கும் ஒன்றே. ஆகவே மாதத் தொடக்கத்தில் திண்ணையில் தமிழ் அம்புலிமாமா, தெலுங்குச் சந்தமாமா, மலையாள அம்பிளி அம்மாவன் மூன்றும் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கும். சங்கர் வரைந்த அதே விக்ரமன், தோளில் அதே பிணம். வேதாளம் கேட்கும் கேள்வி வந்ததும் எல்லோரும் பக்கத்தை மூடிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அவரவர் விடையைச் சொல்லி, சண்டை போட்டு, பிறகுதான் திறப்போம். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் படிக்கத் தெரியாது. கதை தெரியும். இலக்கிய மாநாடுகள் பலவற்றில் பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் திண்ணையில் நடந்த விவாதத்தின் சூட்டை எதிலும் கண்டதில்லை.

மாநாடு என்றதும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா நினைவுக்கு வருகிறார். அவரை நான் பார்த்ததில்லை. ‘கோகுலம்’ சிறுவர் இதழில் அவர் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தியன் வங்கி ஊழியர் அவர். பகலில் பேரேடு, மாலையில் பாட்டு. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. தமிழில் குழந்தைகளுக்கு எழுதுபவர்களுக்கென்றே ஒரு சங்கம், அதற்கு மாநாடு, போட்டி, பரிசு, குழந்தைப் புத்தகக் கண்காட்சி. இத்தனையையும் நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பத்திரிகை அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம் இதுதான். ஆபீஸ் விட்டு வந்து, சட்டை மாற்றாமல், ஊர்ப் பிள்ளைகளுக்காக நாற்காலி போட்ட மனிதர்கள். 1989 மார்ச்சில் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் குழந்தை இலக்கியத்துக்கு இடம் கேட்டுப் பேசியபோதுதான் வள்ளியப்பா மயங்கி விழுந்தார். அந்த மாதம் 16-ஆம் தேதி காலமானார். கேட்டது கிடைத்ததா என்று தமிழ்த்துறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

அந்த மாநாடுகள் நடந்தது பட்டணத்தில். எங்கள் பக்கத்துக்கு அவற்றின் சின்ன வடிவம் நூலக வாரமாக வந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை. மற்ற நாட்களில் கிளை நூலகம் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், மதியம் பூட்டிவிடும், மாலையில் திரும்பத் திறக்கும். பெரியவர்கள் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுப் படிப்பார்கள். எங்களுக்குக் கண்ணாடிப் பீரோவில் பெ. தூரன் தலைமையில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே படிக்க வேண்டும். நூலக வாரத்தில் மட்டும் அந்த இடம் முகம் மாறும். பீரோவுக்குள் இருந்த புத்தகமெல்லாம் மேசைமேல் வந்துவிடும். வாசலில் ஷாமியானா, பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, ஓவியம். பள்ளியில் முதல் பரிசு வாங்கினால் சோப்பு டப்பா கிடைக்கும்; நூலகத்தில் வாங்கினால் புத்தகம். பரிசு பெற்ற பிள்ளையின் பெயரை மைக்கில் அப்பா பெயரோடும் தெருப் பெயரோடும் வாசிப்பார்கள். அடுத்த வாரம் முழுக்க மளிகைக் கடையில் அந்தப் பிள்ளைக்குத் தனி மரியாதை.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். வந்தவர் பிள்ளைகளைப் பார்த்துப் பேசாமல் மேடையில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசுவார். கதைகளில் பாதி நீதியை ஊட்டுவதற்காகவே எழுதப்பட்டவை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதால் பெண் பிள்ளைகள் பலர் தங்கள் பரிசைத் தாங்களே வாங்கியதில்லை, தம்பிகள் வாங்கிவந்தார்கள்.

இன்னொரு பள்ளம், அது இப்போதும் முழுதாகத் தூரவில்லை. பன்னிரண்டு வயது தாண்டினால் நூலகத்தின் சிறுவர் பிரிவு சின்னதாகிவிடும். அடுத்த அலமாரியில் நேரே பெரியவர்களின் நாவல். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது தெருமுனை லெண்டிங் லைப்ரரி. லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, பூந்தளிரில் வாண்டுமாமா, அங்கிருந்து ஒரே தாவலில் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதா, ராஜேஷ்குமார். நாளுக்கு இவ்வளவு என்று வாடகை. தாமதமானால் வட்டி கணக்காக ஏறும். பதினாலு வயதின் குழப்பங்களைப் பற்றிப் பேசும் ஒரு தமிழ்ப் புத்தகம் அப்போது என் கைக்கு வரவில்லை. கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டேன், எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று தெரியவில்லை. பிறகு இரா. நடராசனின் ‘ஆயிஷா’ வந்தபோது நான் அந்த வயதைக் கடந்திருந்தேன்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களையும் சொல்ல வேண்டும். 1987 முதல் ‘துளிர்’ சிறுவர் இதழை நடத்துகிறார்கள். மாதா மாதம் அதைத் தபாலில் எதிர்பார்த்த பிள்ளைகளும், துளிர் இல்லம் என்று தெருவில் கூடிய பிள்ளைகளும் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. எழுத்தறிவு என்பது சிலேட்டும் பல்பமும் மட்டுமல்ல, பறையும் பாட்டும் வீதி நாடகமும்கூட என்று அவர்கள் காட்டினார்கள். நாடகம் பார்க்கப் போன இடத்தில் ஒரு பாட்டி தன் பெயரை எழுதிக் காட்டுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வாசிப்பின் மதிப்பை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது நிலைமை மோசம் என்று சொல்லவே முடியாது. 2021-ல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தொடங்கியிருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. 2020-ல் அதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் அத்துமீறலை அவர்களுக்கே புரியும்படி பேசுகிறது. எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத புத்தகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்தன. மறுபக்கம் கோகுலத்தின் அச்சு இதழ் 2020-ல் நின்றது. அம்புலிமாமா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டது. எழுத்து முன்னேறியிருக்கிறது, பிள்ளைகளின் கூட்டம்தான் கலைந்திருக்கிறது.

ஒரு ஆவடிப் பிள்ளை இன்று எழுத்தாளர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டுமானால் ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு நந்தனம் போக வேண்டும். ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ. அல்லது அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்காகக் கோட்டூர்புரம். அப்பா அம்மாவுக்கு விடுமுறை இருக்க வேண்டும், மனமும் இருக்க வேண்டும். ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. அம்பத்தூர் அதற்கு முன்பே, 2011-ல், சென்னையோடு சேர்ந்தது. லட்சக்கணக்கான மக்கள் வாழும் இடங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் ஆண்டுதோறும் கட்டுகிறார்கள். 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பட்டரவாக்கத்துக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ஆண்டுக்கு ஒரு சிறார் இலக்கிய விழா நடத்தும் தெம்பு இருக்க வேண்டாமா?

நடத்தினால் பூந்தமல்லியை மறக்கக் கூடாது. பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி அங்கே இருக்கிறது. பிரெயில் அச்சகமும் அங்கேதான். ஆனாலும் சிறார் இலக்கிய மேடைகளில் நான் கேட்டவரை, விரலால் படிக்கும் பிள்ளைக்கு என்ன கதை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கதை சொல்லிகள் பொம்மையைத் தூக்கிக் காட்டுகிறார்கள், படத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். நம் மேற்குப் பகுதியில் விழா நடந்தால் முதல் வரிசை அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். கதையைக் குரலில் கொண்டுவரத் தெரிந்தவர் மேடையேறட்டும். தெரியாதவர் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு வரட்டும்.

பெரிய மண்டபம் தேவையில்லை. வள்ளியப்பா பிறந்தநாள் நவம்பர் 7. அதிலிருந்து நூலக வாரம் முடியும் 20 வரை இரண்டு வாரம். உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தொழிற்சாலைக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு சாயங்காலம், ஒரு பாய், பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட ஒருவர், கேள்வி கேட்டால் எரிந்து விழாத இன்னொருவர் போதும். பரிசு கொடுப்பதாக இருந்தால் புத்தகம் கொடுங்கள். சிறப்பு விருந்தினரைக் கூப்பிடாதீர்கள். இந்த வாரமே நூலகரைப் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று நூலகம் விடுமுறை.