கோபத்துக்கு எத்தனை மார்க்?

இன்னைக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து எத்தனை லைக் போட்டீங்க? எண்ணியிருக்க மாட்டீங்க. ஆனால் அந்தப் பக்கம் ஒரு நிரல் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-ல். 2016 பிப்ரவரியில் அதோடு லவ், ஹாஹா, வாவ், சோகம், கோபம் என ஐந்து முகங்கள் சேர்ந்தன. நமக்கு அது பொம்மை. நிரலுக்கு அது மார்க். 2017-ல் லைக்குக்கு 1 மார்க் என்றால், இந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் 5. ரசித்துச் சிரித்தாலும் 5, எரிச்சலில் கோப முகத்தைத் தட்டினாலும் 5! நாம வெறுத்த பதிவை நாமே நாலு பேருக்குத் தள்ளிவிட்டோம். கோபத்தின் மார்க்கைப் பூஜ்யமாக்க 2020 ஆனது.

எனக்குப் பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பதில் ஆசை. எங்க ஹாஸ்டல் ரூம்ல வேற யாருக்கும் அது பிடிக்காது. அதனால் நான் ஒரு தளம் கட்டினால், "உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்க மாட்டேன், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் கேட்பேன். ஆர்குட் கம்யூனிட்டிகள் 2004-லேயே அந்த வழியைக் காட்டின. பொத்தான்கள் மூன்று போதும்: 'கத்துக்கிட்டேன்', 'செஞ்சு பார்த்தேன்', 'சந்தேகம் இருக்கு'. இதில் 'செஞ்சு பார்த்தேன்' பொத்தானுக்குத்தான் அதிக மார்க். கோபம் வந்தால் தாராளமாக எழுதட்டும், மார்க் மட்டும் கிடையாது.

இதிலும் ஆபத்து உண்டு. பிடித்ததை மட்டுமே பார்த்தால் கிணற்றுத் தவளை ஆகிவிடுவோம். அதனால் பத்துக்கு ஒன்று, சம்பந்தமே இல்லாத குழுவிலிருந்து வரட்டும்.

உங்க தளத்துல எந்தப் பொத்தானுக்கு எத்தனை மார்க்? இப்பவே யோசிச்சு வைங்க. நாளைக்கு அந்த 1-ஐ 5 ஆக்கும் ஒற்றை வரியை எழுதப்போவது நம்ம வகுப்பில் ஒருத்தராகவும் இருக்கலாம்.