பள்ளியும் பெற்றோர் கடமையும்

தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேச்செழுந்தால், நம்மவருள் பெரும்பாலோர் அரசாங்கத்தைக் குறை கூறித் தொடங்குவர். ஆசிரியரைக் குறை கூறி முடிப்பர். இவ்விருவருக்கும் நடுவே பெற்றோர் என்றொரு தரப்பு உண்டென்பது அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. அத்தரப்பைக் குறித்தே இத்திங்கள் சில சொல்ல விழைகின்றோம்.

அரசாங்கம் தன் கடமையை முற்றச் செய்துவிட்டது என்பது நம் கருத்தன்று. ஆயினும், நமக்கென்று சட்டத்தில் ஒன்றுமில்லை எனல் நேர்மையாகாது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகள் தொடக்க நிலையில் தாய்மொழியிற் கற்க வசதி செய்து தரவேண்டும் என்னும் 350அ பிரிவு, 1956-இல் அரசியல் சட்டத்திற் சேர்க்கப்பெற்றது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடமெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டுமொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது முதலிய மொழிகளோடு தமிழிலும் பள்ளிகள் நடத்தி வருகின்றது.

இவ்வுரிமைகள் யாவும் கேட்பார் உள்ளவரைக்குமே பயன் தருவன. பெஞ்சுகள் வெறுமையாகுமானால் வகுப்பு நிலைப்பது எங்ஙனம்? ஆங்கிலப் பள்ளியிற் சேர்ப்போரை நாம் பழிக்கவில்லை. பிள்ளை நாளை பிழைக்கவேண்டும் என்னும் அவர்தம் அச்சம் பொய்யன்று. ஆனால், வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் ஒருவருமில்லாத நிலையில், பாடம் விளங்காமல் விழிக்கும் குழந்தைக்குத் துணை யார் என்பதை எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்தல் நன்று. பக்கத்து வீட்டார் செய்தனர் என்பது போதிய காரணம் ஆகாது.

எப்பள்ளியிற் சேர்த்தாலும், சேர்த்தலோடு கடமை தீர்வதில்லை. அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினருள் முக்காற்பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணிக்கவும், வளர்ச்சித் திட்டம் வகுக்கவும், வந்த பணம் செலவாகும் வகையைப் பார்க்கவும் அக்குழுவுக்கு உரிமையுண்டு. நாம் அறிந்த குடும்பங்களுள் இப்படியொரு குழு இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே. குடிநீர்க் குழாய் கெட்டுக் கிடக்கின்றதென்று வீதியில் நின்று நொந்துகொள்ளும் தந்தை, அதனைக் கேட்கும் இடம் தமக்கே அளிக்கப்பட்டிருப்பதை அறியார்.

பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமை என அச்சட்டமே கூறுகின்றது. சொல்ல ஆசிரியர் இருந்தும் கேட்கப் பெற்றோர் வாராவிடில் என் செய்வது? முன்னேற்ற அட்டையைத் திறந்தும் பாராமல் கையெழுத்திட்டனுப்பும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு வைத்து, தேறாதவர்க்கு இரண்டு மாதத்துள் மறுதேர்வும் வைத்து, அதிலும் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திக்கொள்ள 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தருகின்றது. நான்காண்டுகள் பாராதிருந்த பெற்றோர் ஐந்தாம் ஆண்டிற் பதறுவதால், இழந்த நாள்கள் மீளா.

இங்குப் பிறந்த நம் குழந்தை தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பழகுகின்றது. இம்மாநிலத்தில் வாழ்வோர் மராத்தி கற்றல் முறையே. 2020-இல் இயற்றிய சட்டத்தால் அது பள்ளிகளிற் கட்டாயமும் ஆயிற்று. தமிழுக்கோ பல பிள்ளைகளுக்கு வீடன்றி வேறிடமில்லை. அவ்வீட்டிலும் பெற்றோர் அரைகுறை ஆங்கிலத்தில் உரையாடினால், ஊரிலிருந்து வரும் பாட்டியின் கதையும் கடிதமும் அப்பிள்ளைக்கு அயன்மொழி ஆகிவிடும். நாள்தோறும் அரைமணி நேரம் தமிழில் வாசித்தலும் பேசுதலும் எந்தக் கொள்கையையும் எதிர்பாராமல் செய்யத்தக்க காரியம்.

இரவுப் பணியும் நெடுந்தொலைவுப் பயணமும் உடையவர்க்குப் பள்ளிக்குச் செல்ல நேரம் ஏது என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. நாட்கூலி இழந்து கூட்டத்திற்கு வருமாறு ஏழைத் தாயை வற்புறுத்தலாகாது. கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்குமாறு பள்ளிகளை ஒன்றுசேர்ந்து கேட்கலாம். ஒரு தெருவிற் குடியிருக்கும் நால்வர் முறைவைத்துச் சென்று, கேட்டதை ஏனையோர்க்கு வந்து சொல்லலாம். படித்த சங்கத்து அன்பர்கள், சூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் ஒரு நாள் மாலையில் இவ்வுரிமைகளை எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம் முன்னோர், தம் பிள்ளைகள் தம்மினும் நன்கு வாழவேண்டும் என்றே இத்தனை இன்னலும் ஏற்றனர். அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பை அரசிடமோ ஆசிரியரிடமோ மட்டும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. வரும் பள்ளியாண்டிலேனும், பெற்றோர் ஒவ்வொருவரும் தம் குழந்தையின் ஆசிரியரை ஒருமுறை நேரிற் கண்டு பேசுவாராக.