வேலை போனாலும் நோய் போவதில்லை
(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் நோயுள்ள ஒரு வீட்டிலே மாதச் சம்பளமும் நின்றுவிட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன? இந்தக் கேள்வியை நான் பாடப்புத்தகத்தில் சந்திக்கும் முன்பே எங்கள் வீட்டில் சந்தித்துவிட்டேன்.

என் தந்தையார் கோவைப் பகுதியில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. தாயாருக்கு இருதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்துள்ளது. இரத்தம் உறையாமல் இருக்க அவர் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இவையெல்லாம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாகச் செலவின்றிக் கிடைத்துவந்தன. 2023 ஆகஸ்டு மாதம் ‘ஆர்டர் இல்லை’ என்று ஆலையில் பலரை நிறுத்தினார்கள். தந்தையாரும் அவர்களில் ஒருவர். ஆட்குறைப்பு என்று எழுத்தில் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. வேலையோடு இ.எஸ்.ஐ.யும் போயிற்று என்றே அக்கம்பக்கத்தார் கூறினர். “இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டுக்கிறேன், உன் படிப்புச் செலவைப் பாருங்க” என்று அம்மா அப்பாவையும் என்னையும் பார்த்துச் சொன்னபோது என் நெஞ்சு பதறியது.

அப்போது வழிகாட்டியவர், தந்தையாருடன் வேலை செய்து ஓய்வு பெற்ற தொழிற்சங்கப் பெரியவர். “மாத்திரையை நிறுத்தாதீங்க அம்மிணி. இது யாரும் போடற பிச்சை இல்லீங்க, அவரு சம்பளத்துல புடிச்ச காசு” என்றார். பிறகு என்னை உட்காரவைத்துக் கணக்கை விளக்கினார்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தும் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்துவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பயன் உண்டு. ஆகவே 2023 ஆகஸ்டில் வேலை போனாலும், 2024 ஜூன் 30 வரை எங்கள் குடும்பத்துக்கு மருத்துவ உரிமை இருந்தது! தந்தையாரின் சம்பளம் 14,000 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 105 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 455 ரூபாய். இச்சிறு தொகையே பத்து மாதம் என் தாயின் உயிரைக் காத்தது.

இன்னொரு உதவியும் கிடைத்தது. வேலை இழந்த காப்பீட்டாளர்களுக்காக 2018இல் ‘அடல்’ பெயரில் ஓர் உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவி, 2020இல் 50 விழுக்காடாக உயர்ந்தது. உச்ச வரம்பு 90 நாள். கிளை அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தபின் ஏறத்தாழ 21,000 ரூபாய் வந்து சேர்ந்தது. 2005இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் இதைவிட நீண்ட காலத்துக்கு உதவித்தொகையும் மருத்துவமும் தருவது. ஆனால் அதற்கு ஆலைமூடலுக்கோ ஆட்குறைப்புக்கோ சான்று வேண்டும். எழுத்தில் ஒரு வரி இல்லாததால் அது எங்களுக்கு எட்டாக்கனியாயிற்று. 2024 மே மாதம் தந்தையாருக்கு வேறோர் ஆலையில் வேலை கிடைத்தது. பழைய காப்பீட்டு எண்ணே தொடர்ந்தது.

இத்திட்டத்தின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944இல் அளித்த அறிக்கையே இதற்கு வித்து. 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955இல் நம் கோவைக்கும் வந்தது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் நிலை என்ன? அங்கும் பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு பிணைந்தே இருக்கிறது. வேலை இழந்தவர் பொதுவாக 18 மாதம் வரை அதே காப்பீட்டைத் தொடரலாம் என்று ‘கோப்ரா’ எனும் சட்டம் 1986இல் வழி செய்தது. ஆனால் முதலாளி செலுத்திவந்த பங்கையும் சேர்த்து, மொத்தப் பிரீமியத்தில் 102 விழுக்காடு வரை அவரே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில்தானா அத்தனை பெரிய தொகையைக் கட்ட முடியும்? ஆகவேதான் 2009இல் பொருளாதார நெருக்கடியின்போது, வேலையிலிருந்து நீக்கப்பட்டோரின் பிரீமியத்தில் 65 விழுக்காட்டை அரசு ஏற்றது. கொரோனாக் காலத்தில், 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுவதையுமே ஏற்றது. இரண்டு உதவிகளும் குறித்த காலத்தோடு முடிந்துவிட்டன.

இவ்விரு நாட்டு அனுபவங்களும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரம், அதற்குப் பணம் கட்ட முடியாத நேரமே ஆகும். ஆதலால் வேலையற்ற காலத்துச் சந்தாவை அரசே ஏற்பதும், வேலைநீக்கத்தை எழுத்தில் தர முதலாளிகளைக் கட்டாயப்படுத்துவதும் நியாயமன்றோ?

நண்பர்களே! நம்மில் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இன்றே உங்கள் தந்தையின், தமையனின் காப்பீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துவையுங்கள். எந்தத் தேதி வரை உரிமை உண்டு என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். விடுமுறையில் மில்லுக்கோ கம்பெனிக்கோ வேலைக்குப் போகும் மாணவர்களும் தங்கள் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்படும் இடம் இதுவே.