கீலேயாத்தின் தைலம் யாருக்கு?

கீலேயாத் என்னும் பெயரை நாம் வேதத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். யோர்தானுக்குக் கிழக்கே உள்ள அந்த மலைநாடு பிசின் தைலத்துக்குப் பேர்பெற்றது. யோசேப்பை விலைக்கு வாங்கிய வியாபாரிகளின் ஒட்டகங்கள் சுமந்து வந்ததும் அந்நாட்டுத் தைலமே. அப்படிப்பட்ட தைலம் இருந்தும் தன் ஜனத்தின் காயம் ஏன் ஆறவில்லை என்று எரேமியா தீர்க்கதரிசி 8-ஆம் அதிகாரத்தின் முடிவில் கலங்குகிறார்.

அந்தப் பெயரையே ஒரு சிற்றூருக்குச் சூட்டி, அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004-ஆம் ஆண்டு 'கிலியட்' என்னும் நாவலை வெளியிட்டார். மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஊர் கற்பனையானது, எனினும் அயோவா மாநிலத்தில், அடிமைத்தனத்தை எதிர்த்த கிறிஸ்தவர்கள் குடியேறி உருவாக்கிய டேபர் என்னும் மெய்யான ஊரை மனதில் கொண்டு படைக்கப்பட்டது. கிறிஸ்தவக் கதை என்றாலே கடைசிப் பக்கத்தில் வியாதி நீங்கிவிடும், கெட்டுப்போனவன் திருந்திவிடுவான் என்று எதிர்பார்த்தே நான் வாசிக்கிறவன். இந்த நூலோ என்னை வேறொரு வழியில் நடத்திச் சென்றது.

கதை நடக்கும் ஆண்டு 1956. ஜான் ஏம்ஸ் என்னும் 76 வயதுப் போதகர் இருதய நோயோடு தம் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். தாம் மறைந்தபின் வளரவிருக்கும் சிறுவயது மகனுக்கு அவர் எழுதும் நீண்ட கடிதமே அந்த நாவல். முதல் மனைவியையும் சிசுவையும் இளமையிலேயே இழந்து, பல பத்தாண்டுகள் தனிமையில் கழித்தவர் அவர். ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, மழைக்கு ஒதுங்கி ஆலயத்துக்குள் நுழைந்தாள் லைலா என்னும் வீடுவாசலற்ற பெண். அவளே பின்பு ஞானஸ்நானம் பெற்று அவருக்கு மனைவியானாள். முதிர்வயதில் அவருக்குக் கிடைத்த புதுவாழ்வு அது. ஆகிலும் அவருடைய இருதய நோய் கடைசிவரை நீங்கவில்லை.

அவ்வூரின் மற்றொரு போதகரான பௌட்டன், ஏம்ஸின் பால்ய நண்பர். நண்பரின் பெயரையே தம் மகனுக்குச் சூட்டியவர். அந்த மகன் ஜாக், இளமையில் ஓர் ஏழைப் பெண்ணைத் தாயாக்கிக் கைவிட்டான். அக்குழந்தையும் சிறுவயதிலேயே மாண்டுபோயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவன் ஊர் திரும்புகிறான். ஆயுள் முழுவதும் மன்னிப்பைப் பிரசங்கித்த ஏம்ஸ், தம் மரணத்திற்குப்பின் இவன் தம் குடும்பத்தை நெருங்கிவிடுவானோ என்று உள்ளுக்குள் அஞ்சுகிறார். சிலர் கேட்டுக்கென்றே நியமிக்கப்பட்டவர்களா என்று ஜாக் கேட்கும்போது இரண்டு போதகர்களும் தடுமாறுகிறார்கள். மனிதன் மாறக்கூடும் என்று துணிந்து சொல்பவள் அதிகம் படித்திராத லைலாதான்.

பிற்பாடு ஜாக்கின் இரகசியம் வெளிப்படுகிறது. அவனுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணும் அவள் பெற்ற மகனும் உண்டு. அவர்கள் வாழ்ந்த மாநிலத்தில் அத்தகைய விவாகத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1967-இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லாதவை என்று தீர்த்தது. அவர்களோடு தன் சொந்த ஊரில் வாழ இடமுண்டா என்று அறியவே அவன் வந்திருந்தான். அந்த நம்பிக்கை கிட்டாமலே அவன் புறப்படுகிறான். பேருந்து நிறுத்தத்தில் ஏம்ஸ் அவன் நெற்றியில் கைவைத்து, ஆரோனுக்குக் கட்டளையிடப்பட்ட ஆசீர்வாதத்தைக் கூறுகிறார். வைத்தியர் கண்டறிந்த நோய் குணமாகவில்லை. எந்த வைத்தியரும் அறியாமல் அவருக்குள் பல ஆண்டுகளாய் இருந்த கசப்பு குணமாயிற்று.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகப் பெருநகரங்களுக்கு வந்தவர்கள் நாம். இங்கே நம் பழைய வாழ்வை அறிந்தவர் சிலரே. ஆகவே புதிதாய்த் தொடங்குவது இங்கே எளிது. நம்மை அறிந்த சிற்றூரிலோ, ஒவ்வொரு தெருவுக்கும் ஞாபகம் உண்டு.

மும்பையில் எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார். தென் மாவட்டத்துச் சிற்றூரில் சீட்டு நடத்தி, ஏழு குடும்பங்களின் பணத்தைக் குடியில் தொலைத்துவிட்டு இரவோடு இரவாக ரயிலேறியவர். இங்கே இரட்சிக்கப்பட்டார், குடியும் விட்டது. அவர் சாட்சி சொல்லும்போது சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செய்வார்கள். ஆனால் பதினெட்டு ஆண்டுகளாக அவர் ஊருக்குப் போகவில்லை. "தம்பி, இங்கே எல்லாரும் என்னைச் சாட்சியாகப் பார்க்கிறார்கள். அங்கே போனால் நான் சீட்டுக்காரன்தானே?" என்றார் ஒருநாள் என்னிடம்.

ஒநேசிமுவை நினைத்துப் பார்த்தேன். பவுல் அவனைத் தம்மோடு பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அவன் விட்டு வந்த பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பவில்லை, அவனுக்காகப் பரிந்து ஒரு நிருபம் எழுதி, அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார். திரும்பிச் செல்பவனுக்குத் துணிவு வேண்டும். அவனுக்காகக் கடிதம் எழுத ஒருவரும் வேண்டும்.

இதை அந்த அண்ணனோடும் எங்கள் போதகரோடும் பகிர்ந்துகொண்டேன். போதகர் அவ்வூர் ஊழியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடந்த ஆண்டு மே மாதம், சேர்த்த பணத்தோடு அண்ணன் புறப்பட்டுப் போனார். மூன்று வீட்டார் பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரே உட்காரச் சொன்னார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. இன்னும் மூன்று வீடுகளின் கடன் பாக்கியிருக்கிறது. அதற்காக இப்போது இரவுப்பணியும் செய்கிறார். அடுத்த முறை அந்தத் திறவாத கதவையும் தட்டுவேன் என்கிறார்.

தைலம் குப்பியில் இருக்கும்வரை காயம் ஆறாது. ஒருவர் தம் கையால் பூசவேண்டும். உங்கள் ஊருக்கு, உங்கள் தெருவுக்கு, தலைகுனிந்து திரும்பி வருகிற ஒருவன் இருப்பானாகில், அவனை உட்காரச் சொல்லும் முதல் வீடாக உங்கள் வீடு இருக்கும்படி கர்த்தர் தாமே கிருபை செய்வாராக.