பூன் லேயிலிருந்து ஓடிப்போவது

கேத்தரின் பேட்டர்சனின் ‘தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்’ நாவல் 1978ல் வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. நான் அதை இருபத்தோரு வயதில், ஜூரோங் வெஸ்ட் நூலகத்தின் சிறுவர் அலமாரியிலிருந்து எடுத்தேன். கில்லிக்கு 11 வயது. வளர்ப்பு வீடுகள் மாறி மாறி வந்தவள். யாராவது தன்னை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டைத் தானே ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. மேரிலாந்தில் ட்ராட்டர் என்கிற, பருத்த உடம்பும் பெரிய மனசுமுள்ள ஒரு அம்மாவிடம் வந்து சேர்கிறாள். (அந்த உடம்பைப் பற்றி வரும் வர்ணனைகள் இன்றைக்குக் கூச வைக்கின்றன. கில்லியின் கண்ணால் பார்க்கிறோம் என்ற சமாதானம் பாதிதான் ஒத்துவருகிறது.)

அவளும் ஓடிப்போகிறாள். பக்கத்து வீட்டுக் கண்தெரியாத முதியவரின் பணத்தைத் திருடிக்கொண்டு, பெற்ற அம்மா இருக்கும் கலிபோர்னியாவுக்குப் பேருந்துச் சீட்டு வாங்கப் போகிறாள். சீட்டு விற்பவருக்குச் சந்தேகம் வருகிறது. போலீஸ் வருகிறது. கடைசியில் ட்ராட்டர் வந்து கூட்டிப்போகிறார்.

ஒரு சீட்டில் கண்டத்தையே கடந்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பொறாமையாக இருந்தது. பூன் லேயிலிருந்து எங்கே ஓடுவது? 1990ல் எம்ஆர்டி நிலையம் திறந்தபோது மேற்குப் பக்கம் அதுதான் கடைசி நிறுத்தம். 2009ல் பாதை ஜூ கூனுக்கும் 2017ல் துவாஸ் லிங்குக்கும் நீண்டது. அதற்கு அந்தப்பக்கம் தொழிற்சாலைகள், பிறகு கடல். கிழக்கே உட்கார்ந்துகொண்டே போனால் பாசிர் ரிஸ். ஜொகூர் பாலத்தைத் தாண்டக் கடப்பிதழ் வேண்டும். ஓடிப்போகிறவர்களின் கதைக்கு நீளமான சாலை வேண்டியிருக்கிறது. இங்கே ரயில் கடைசி நிலையத்துக்குப் போய், வந்த வழியே திரும்பிவிடுகிறது.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், என் பெரியம்மா வளர்ப்புத் தாய். பூன் லேயில் அவருடைய வீவக வீட்டில் இதுவரை மூன்று பிள்ளைகள் தங்கிப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்திக்குப் பதினைந்து வயது. பெயர் சொல்ல மாட்டேன், வேறு அடையாளமும் சொல்ல மாட்டேன். சட்டமும் விடாது, எனக்கும் மனசில்லை. ஒரு நாள் சாயங்காலம் பள்ளி முடிந்து அவள் வரவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டாள். பெரியம்மா சமூக ஊழியருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, ஜூரோங் பாயிண்டை இரண்டு சுற்று சுற்றினார். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி கேட்டாராம்: “ஓடிப்போயிட்டாளா? யாரோட?”

தமிழில் ‘ஓடிப்போனாள்’ என்றால் கூட ஒருத்தன் இருந்தே ஆக வேண்டும். தனியாக, எந்தக் காதலும் இல்லாமல், ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை.

‘ஃபாஸ்டர்’ என்ற சொல்லிலும் இதே தொல்லை. ‘வளர்ப்பு’ என்கிறோம். ஆனால் வளர்ப்பு மகள் என்றால் கடைசிவரை கூடவே இருக்கிறவள் என்றுதான் நம் காதில் விழுகிறது. சிங்கப்பூரில் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956லேயே தொடங்கிவிட்டது. இப்போது அதைப் பார்த்துக்கொள்வது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. முடிந்தவரை பிள்ளையைப் பெற்ற வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். தேக்கா கோயிலில் சொந்தக்காரர் ஒருவர், “தத்து எடுத்துட்டியா?” என்று கேட்டபோது, “இல்ல, கொஞ்ச நாளைக்கு வச்சிருந்து திருப்பிக் குடுத்துருவேன்” என்றார் பெரியம்மா. “லைப்ரரி புக்கு மாதிரியா?” என்று அவர் சிரித்தார். நூலகப் புத்தகத்துக்காவது 21 நாள் என்று ஒரு கணக்கு உண்டு.

ஓடுகிற பிள்ளையைச் சட்டம் எப்படிக் கூப்பிடுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறியவர் என்று இங்கே ஒரு வகையே இருந்தது. பெற்றவர்களே நீதிமன்றத்துக்குப் போய், என்னால் முடியவில்லை என்று சொல்லி ஆணை கேட்கலாம். 2019ல் சிறார், இளையர் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, குடும்ப வழிகாட்டுதல் ஆணை என்று வைத்தார்கள். முதலில் குடும்பம் முழுவதும் ஒரு திட்டத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆணை கேட்கலாம். பாதுகாப்புக்குரிய வயது வரம்பும் 16லிருந்து 18 ஆனது. பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனாலும் குற்றம் பிள்ளையின் தலையிலிருந்து இறங்கி வீட்டுக்கூடத்துக்கு வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அவள் எங்கே போயிருந்தாள்? அம்மா வீட்டுக்கு. இல்லை, அம்மா இருக்கும் புளோக்குக்கு. எதிரே கார் நிறுத்தும் இடத்தில் நின்று, அந்த மாடியில் விளக்கு அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே போகவில்லை. பதினொரு மணிக்கு மேல் கைப்பேசியைத் திறந்து, “ஆன்ட்டி, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: “சாப்டியா?”

எட்டு மாதம் கழித்து அவள் அம்மாவிடமே போனாள். நல்ல செய்தி, எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். போன அன்று பெரியம்மா அவள் துணிகளை இரண்டு தடவை மடித்தார்.

பேட்டர்சனின் நாவல் மற்ற ‘ஓடிப்போகும்’ நாவல்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இடத்தில்தான். ஓடுவதற்கு முன்பே கில்லி அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள், இந்த வீடு நரகம் என்று புளுகி. ட்ராட்டரோடு ஒட்டிப்போன பிறகு அந்தக் கடிதம் வேலை செய்கிறது. முன்பின் பார்த்திராத பாட்டி வந்து அழைத்துப்போகிறார். பெற்ற அம்மாவும் விமான நிலையத்துக்கு வருகிறாள், பாட்டி பணம் கொடுத்ததால் வருகிறாள். கில்லி ட்ராட்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டுக்கு வருகிறேன் என்று அழுகிறாள். உன் வீடு இனி அதுதான் என்கிறார் ட்ராட்டர். அவருக்கு அவளை விட மனமில்லை என்று நமக்குத் தெரியும். பேட்டர்சன் இரண்டு கம்போடியச் சிறுவர்களைக் கொஞ்ச காலம் வளர்ப்புத் தாயாகப் பார்த்துக்கொண்டவர். அதில்தான் இந்தக் கதை பிறந்தது.

நம்மிடம் கர்ணன் உண்டு. பெற்றவள் வந்து கூப்பிட்டும் ராதையின் மகனாகவே நின்றவன். கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத தேவகிக்காகக் குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார். யசோதையாகவே மாறிப் பெரியாழ்வார் பாடினார். மதுராவுக்குத் தேர் கிளம்பிப் போன மறுநாள் காலையில் யசோதை என்ன செய்தாள்? கண்ணனைத் தேடும் கோபியரைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை. பேட்டர்சன் கதையைக் கில்லியின் பக்கமிருந்துதான் சொல்கிறார். இருந்தும் தொலைபேசியின் அந்த முனையில் நிற்கும் அம்மாளை மறக்கவிடவில்லை.

போன மாதம் பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் வரிசையில் நின்றபோது பெரியம்மாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். ஆங்கில நாவல் படிக்கிறவர் இல்லை அவர். தொலைபேசிக் காட்சி வந்ததும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை.

“அந்தம்மா அப்புறம் வேற பிள்ள எடுத்துச்சா?”

வில்லியம் எர்னஸ்ட் என்று ஒரு சின்னப் பையன் முதலிலிருந்தே அவரிடம் இருக்கிறான், அவன் அங்கேயேதான் இருக்கிறான் என்றேன்.

“அப்ப சரி” என்றார்.

அவர் வீட்டில் இப்போது இருப்பவனுக்கு நாலு வயது. மீன் என்றால் ஆகாது. நெத்திலி இல்லாமல் ஒரு பொட்டலம் தனியாகக் கட்டச் சொன்னார்.