இரண்டு பக்கமும் கதவு அடைத்தபோது

நாகர்கோவிலிலிருந்து வரும் பேருந்துகள் கரமனைப் பாலத்தைத் தாண்டித்தான் திருவனந்தபுரத்துக்குள் நுழைகின்றன. பக்கத்திலேயே தமிழ்ப் பிராமணர்களின் அக்கிரகாரத் தெருக்கள். கடைவீதியில் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். இங்கே ஒரு கிறிஸ்தவரின் அண்டை வீட்டுக்காரர் இந்துவாக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், கடவுளே இல்லை என்கிற கம்யூனிஸ்டாகவும் இருக்கலாம். பெரும்பாலும் நல்ல மனிதராகவும் இருப்பார். சிக்கல் தொடங்குவது அங்கேதான். தன் மார்க்கமே மெய் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு வருகிறவர், திங்கட்கிழமை இவர்களோடு எப்படிப் பழகுவது? நம்பிக்கையை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாம். அல்லது வாதாடி ஜெயிக்கப் பார்க்கலாம். இரண்டும் பிடிக்காமல் வேறு வழி தேடியவர், இந்த நகரத்தில் படித்த எம்.எம். தாமஸ்.

கோழஞ்சேரியில் 1916ல் மார்த்தோமா சபைக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்து 1935ல் பட்டம் பெற்றார். பக்தி தீவிரமானது அந்தக் கல்லூரி நாட்களில்தான். பின்னர் இதே நகரில் தெருவோரச் சிறுவர்களுக்கான இல்லப் பணியில் இறங்கினார். இரக்கம் மட்டும் போதாது, வறுமையை உண்டாக்கும் அமைப்பையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. காந்தியைப் படித்தார். மார்க்ஸையும் படித்தார்.

1943ல் அந்த விசித்திரம் நடந்தது. குருப்பட்டம் கேட்டுச் சபையை அணுகினார். உறுப்பினராகச் சேரக் கம்யூனிஸ்ட் கட்சியையும் அணுகினார். மார்க்சியச் சாய்வு உள்ளவர் என்று சபை மறுத்தது. கிறிஸ்தவ விசுவாசி என்று கட்சி மறுத்தது. வேறொருவராக இருந்தால் ஏதாவது ஒன்றைக் கைவிட்டிருப்பார். தாமஸ் சபையையும் விடவில்லை, கேள்விகளையும் விடவில்லை. கடைசிவரை குருவாகாத அந்த மனிதர், 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக இருந்தார்.

அவர் எதை நம்பினார்? மனிதனுக்கு மனிதன் என்ற மதிப்பைத் தேடும் போராட்டங்களிலெல்லாம், அவை கிறிஸ்தவப் பெயரைத் தாங்காவிட்டாலும், கிறிஸ்து செயல்படுகிறார் என்று நம்பினார். சென்னையில் பிறந்த பி.டி. தேவநந்தன் பெங்களூரில் நிறுவிய மத, சமூக ஆய்வு மையத்துக்கு 1962ல் இயக்குநரானார். 1969ல் வெளியான அவரது முக்கிய நூல் ராம்மோகன் ராய், விவேகானந்தர், காந்தி போன்றவர்கள் இயேசுவை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஆராய்கிறது. அவர்களைத் திருத்த அல்ல, அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் பதில் சொல்லவும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. மதம் மாறுவது இந்தியாவில் சமூகம் மாறுவதாகவும் ஆகிவிடுகிறது; கிறிஸ்துவை ஏற்பவர் தன் சமூகத்தை விட்டு வெளியேறத்தான் வேண்டுமா என்று தாமஸ் கேட்டார். அப்போது சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகம் இல்லாமல் விசுவாசம் நிலைக்காது என்பது அவர் கட்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் எழுத்தில் மோதினார்கள். தமிழ்நாட்டுச் சேரிகளில் இது ஏட்டுச் சண்டை அல்ல. 1950ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி, ஞானஸ்நானம் பெறும் தலித் பட்டியல் சாதிக்குரிய உரிமைகளை இழக்கிறார். சீக்கியர்களுக்கு 1956லும் பௌத்தர்களுக்கு 1990லும் கிடைத்த விலக்கு கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சமூகத்துக்குள்ளேயே இருப்பதா, வெளியே வருவதா என்பதற்கு அங்கே ஒரு விலை இருக்கிறது.

திறந்த மனம் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல என்பதற்கும் தாமஸே சாட்சி. 1975ல் நெருக்கடி நிலை வந்தபோது அதை வெளிப்படையாக விமர்சித்தார். ஒரு காலத்தில் அவருக்குக் குருப்பட்டம் மறுத்த சபையின் தலைவர் யூஹானோன் மார்த்தோமா, நெருக்கடி நிலையைக் கண்டித்து இந்திரா காந்திக்கே கடிதம் எழுதினார். 1990ல் நாகாலாந்து ஆளுநரான தாமஸ், 1992ல் முதல்வரின் பரிந்துரையை ஏற்றுச் சட்டமன்றத்தைக் கலைத்தார். மத்திய அரசுக்குப் பிடிக்கவில்லை. பதவி போனது.

1996 டிசம்பரில் அவர் காலமானார். நியூபிகினுடன் நடந்த விவாதத்தில் யார் வென்றார் என்று இன்றும் ஒரு மனதாகச் சொல்ல முடியாது. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் படித்துவிட்டுத்தான் பதில் எழுதினார்கள். மதத்தின் பெயரால் எழும் சத்தம் கூடிக்கொண்டே போகும் காலத்தில், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நம்புகிறார் என்று முதலில் கேட்டறிவதும், கேட்ட பிறகும் தன் விசுவாசத்தில் நிற்பதும் முடியாத காரியமல்ல. இரண்டு பக்கமும் கதவடைத்த பிறகும் ஒருவர் அப்படி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.