மூச்சின் வேகத்தில் ஒரு மலைப்பாதை

லே, லடாக்
ஆகஸ்டு மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

க்ஷேமமாக லே நகரம் வந்து சேர்ந்தேன். மணாலியிலிருந்து சைக்கிளில் தனியாகப் புறப்படுகிறேன் என்று நான் எழுதியபோது, மோட்டாரில் இரண்டே நாளில் போய்விடக்கூடிய வழியை, கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்துகொண்டு, எதற்காக இவ்வளவு சிரமப்பட்டுக் கடக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அப்போது என்னிடம் ஆசையைத் தவிர வேறு பதில் இல்லை, இப்போது இருக்கிறது. இமயத்தின் அந்த உயரங்களுக்கு மனித தேகம் எந்த வேகத்தில் பழகுகிறதோ, ஏறக்குறைய அதே வேகத்தில்தான் சுமையேற்றிய சைக்கிளும் ஏறுகிறது. இதை விவரமாகச் சொல்லவே இக்கடிதம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில், தேவதாரு வனங்களுக்கு நடுவே, பியாஸ் நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே செல்லும் வாகனங்களில் பெரும்பாலானவை, 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையில் நுழைந்து, சில நிமிஷங்களில் லாஹௌல் பள்ளத்தாக்கில் வெளிப்பட்டுவிடுகின்றன. நான் சுரங்கத்தை விடுத்து, 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயின் பழைய பாதையிலேயே ஏறினேன். தேவதாரு மறைந்து, பூர்ஜ மரங்கள் தோன்றி, அவையும் குட்டையாகி ஒழிந்து, வெறும் புல்வெளி எஞ்சுவதை ஒவ்வொரு வளைவாகப் பார்த்துச் செல்லும் பாக்கியம் அந்த வழியில்தான் உண்டு. கணவாயின் தென்புறம் முழுவதும் மழை விடாமல் நனைத்தது. மறுபுறம் இறங்கத் தொடங்கியதும் மேகங்கள் பின்தங்கிவிட்டன. பருவமழையைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் மறித்துவிடுவதால் லாஹௌல் வறண்ட பிரதேசம். பனி உருகி வரும் நீரை நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்தே அங்குள்ள உழவர்கள் பட்டாணியும் உருளைக்கிழங்கும் விளைவிக்கிறார்கள்.

கேலாங் என்ற ஊரைக் கடந்து, 3,360 மீட்டர் உயரமுள்ள தார்ச்சாவை அடைந்ததும் உயரத்தின் கணக்கு கண்டிப்பாகிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்பது மலை வைத்தியத்தில் தேர்ந்தவர்கள் வகுத்த விதி. காற்றின் அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு சுவாசத்திலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. தேகம் முதலில் மூச்சை ஆழமாக்கி அதற்கு ஈடு செய்கிறது. பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில், இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. அதற்கு அவகாசம் கொடாமல் ஏறுகிறவர்களைத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் பற்றிக்கொள்கின்றன. அவற்றையும் அலட்சியம் செய்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயமாகிறது. அந்நிலையில் உடனே கீழே இறங்குவதுதான் தலையாய சிகிச்சை.

ஆனால் இந்தப் பாதையின் அமைப்பே அந்தச் சிகிச்சைக்கு விரோதமானது. மணாலியில் காலையில் புறப்பட்ட மோட்டார் பிரயாணி பலவேளை அன்றிரவே சர்ச்சுவில் படுக்கிறார். அது 4,290 மீட்டர். நடுநிசியில் அவருக்கு மூச்சுத் திணறினால், தெற்கே சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாயும், வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் கணவாயும் மறித்து நிற்கின்றன. எந்தத் திசையில் இறங்க வேண்டுமானாலும் முதலில் ஏறியாக வேண்டும். சைக்கிள்காரனுக்கோ தார்ச்சாவில் ஓர் இரவு, பட்சியோவில் ஓர் இரவு, ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு என்று கழிந்த பிறகே பாரலாச்சா எட்டுகிறது. முன்னால் 22 பற்களும் பின்னால் 34 பற்களும் உள்ள சக்கரங்களில் சங்கிலியை மாற்றிக்கொண்டு, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வீதம் நான் மிதித்தேன். விதியை எண்ணி எங்கும் நிறுத்தவில்லை. கால்கள் ஓய்ந்த இடங்களே விதி குறித்த இடங்களாகவும் அமைந்தன.

அங்கே நாளின் ஒழுங்கையும் மலையே நிர்ணயிக்கிறது. வெயிலில் பனி உருகி, பாதையைக் குறுக்கே அறுத்தோடும் ஓடைகள் பிற்பகலில் முழங்கால் அளவுக்கு மேல் பெருகும், விடியற்காலையில் வடிந்திருக்கும். நண்பகலுக்குப் பின் காற்றும் சீறத் தொடங்கும். ஆகவே இருள் பிரியுமுன் புறப்பட்டுப் பிற்பகலில் கூடாரம் அடித்துவிடுவேன். கல் உருண்டு வரக்கூடிய சரிவை விட்டு விலகி, நீர் ஏறிய தடத்துக்கு மேலே, வாசல் காற்றுக்குப் புறங்காட்டும்படி இடம் பார்ப்பேன். சரளையில் முளை இறங்காது. கயிறுகளைப் பாறைகளில்தான் கட்ட வேண்டும். சர்ச்சுவின் உயரத்தில் தண்ணீர் சுமார் 86 பாகையிலேயே கொதித்துவிடுவதால், நெடுநேரம் கொதித்தும் அரிசி நடுவில் விறைத்தே இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த அவலும் சத்துமாவும்தான் என்னைக் காப்பாற்றின. உறங்குமுன் தண்ணீர்ப் புட்டியைத் துயிற்பைக்குள் வைத்துக்கொள்வேன். வெளியே விட்டால் காலையில் உறைந்திருக்கும்.

பாரலாச்சாவுக்குச் சற்று முன்னே சூரஜ் தால் என்னும் சிறு ஏரி இருக்கிறது. அங்கே பாகா நதி பிறக்கிறது. கணவாயின் மறுபக்கச் சரிவுகளில் சந்திரா நதி பிறக்கிறது. ஒரே மலையின் இருபுறமும் தோன்றி, வெவ்வேறு திசையில் வெகுதூரம் சுற்றி, கேலாங்குக்குக் கீழே தண்டி என்ற ஊரில் கூடி, சந்திரபாகையாகி, பிறகு செனாப் என்று பெயர்பெறும் அந்த நதிகளின் கரையோரமாகவே நான் அவ்வளவு நாளும் வந்திருந்தேன். சர்ச்சுவுக்கு வடக்கே காட்டா வளைவுகள் என்று 21 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றின் நடுவே ஒரு சின்னஞ்சிறு கோயிலும், அதைச் சுற்றிக் குவிந்த தண்ணீர்ப் புட்டிகளும் கண்டேன். பழுதான லாரியில் நோயுற்றுத் தனியே காத்திருந்து, உதவி வருமுன் இறந்துபோன ஒரு கிளீனரின் ஆவி தாகத்தால் தவிப்பதாக ஓட்டுநர்கள் நம்பி, போகும்போதெல்லாம் நீர் வைத்துச் செல்கிறார்கள். நானும் ஒரு புட்டி வைத்தேன்.

தனியாகப் போவானேன் என்றும் கேட்டிருந்தீர்கள். இருவராகச் சென்றால் ஒருவர் வேகத்துக்கு மற்றவர் ஈடுகொடுக்க நேர்கிறது. ஏகாந்தத்தில் தன் மூச்சு ஒன்றே தாளம். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி அம்மையார், பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் பரிசாகப் பெற்று, சைக்கிளிலேயே இந்தியா செல்வதென்று அப்போதே தீர்மானித்து, 1963-இல், 31-ஆவது வயதில், தன்னந்தனியாக அதை நிறைவேற்றினார். அவரை இந்தப் பாதையில் நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். ஆனால் தனிமைக்கு ஓர் ஒழுக்கம் வேண்டும்: ஒவ்வொரு தாபாவிலும், நாளை எங்கே தங்குவேன் என்று சொல்லிவிட்டே புறப்பட்டேன்.

மேலும், அந்தத் தனிமை முழுமையானதும் அல்ல. எல்லைச் சாலைகள் அமைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளிகள், 4,000 மீட்டருக்கு மேலும் பீப்பாயில் தார் காய்ச்சி, கையால் கல் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் மிதித்த ஒவ்வொரு கஜமும் அவர்கள் செப்பனிட்டது. முகத்தைத் துணியால் சுற்றியிருந்த ஒருவர், நான் மூச்சு வாங்க நின்றபோது, தம் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லப் போதுமான ஹிந்தி என்னிடம் இல்லாததற்கு இன்னும் வருந்துகிறேன்.

பாங் என்ற இடத்துக்குப் பின் மோரே சமவெளி நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. அதன் முடிவில் 5,328 மீட்டர் உயரத்தில் தாங்லாங் கணவாய். கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியைச் சற்றே மிஞ்சிய பிராணவாயுதான் அங்கே கிடைக்கும். அங்கு நின்றபோது எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பசி இருந்தது. அதைவிட நல்ல சாட்சியம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அப்பால் பார்லி வயல்களினூடே இறங்கி, உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டு, அதன் போக்கிலேயே லே வந்தேன்.

அடுத்த ஆண்டு நீங்களும் வர வேண்டும். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே வாருங்கள், சுரங்கத்தில் நுழையாதீர்கள், கேலாங்கில் ஒரு நாள் சும்மா இருங்கள், தார்ச்சாவுக்கு மேல் எவர் முந்திச் சென்றாலும் போகவிடுங்கள். விடுமுறை போதாது என்று சொல்வீர்களானால், பாதித் தூரம் வந்து திரும்பினாலும் குறைவில்லை. ஆனால் முழுத் தூரத்தையும் அவசரமாகக் கடக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்